கல்லறையை மறைக்கச் சொன்னவர்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் அந்தோணி என்று ஒருவர்கூட இல்லாத கத்தோலிக்க ஊரைக் காண்பது அரிது. அந்தோணிசாமி, அந்தோணிமுத்து, அந்தோணியம்மாள் என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். நடுக்கடலில் காற்று மாறினாலும் அந்தோணியார், வீட்டில் நகை காணாமல் போனாலும் அந்தோணியார். கச்சத்தீவில் ஆண்டுக்கு ஒருமுறை இரு கரை மீனவர்களும் கூடிக் கும்பிடுவதும் அந்தோணியாரைத்தான். அப்படிக் கூப்பிடும்போது மனத்தில் வருகிற உருவம், கையில் குழந்தை இயேசுவை ஏந்திய இளம் துறவி. பதுவை நகர் அந்தோணியார், ‘கோடி அற்புதர்’.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அந்தோணி அல்ல. லிஸ்பனில் பிறந்தபோது அவர் பெர்னாண்டோ. 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, போர்ச்சுக்கலின் கோயிம்பிரா நகருக்கு வெளியே ஒலிவ மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறு மடத்துக்குப் போனார். எகிப்துப் பாலைவனத்தில் எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு முதிய துறவியின் பெயரில் இருந்தது அந்த மடம். அந்தப் பெயரையே தமக்கும் வைத்துக்கொண்டார். உவரி அந்தோணியார் கோவிலிலும் கச்சத்தீவிலும் நாம் கேட்கிற பெயர் நைல் நதிக்கரையிலிருந்து புறப்பட்டு வந்தது.

அந்த மூத்தவரையும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் மறக்கவில்லை. இளையவரோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க அவரை ‘வனத்து அந்தோணியார்’ என்கிறார்கள். திருநாள் ஜனவரி 17. பொங்கலை ஒட்டியே வருவதால், அவர் பெயரில் கோவில் உள்ள சில ஊர்களில் குளிப்பாட்டிப் பொட்டு வைத்த மாடுகளைக் கோவில் வாசலுக்கு ஓட்டிவந்து, மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டு போவார்கள். அவருடைய சுரூபத்தையும் படத்தையும் அடையாளம் காண்பது எளிது. நீண்ட வெண்தாடி, தலைமாட்டில் குறுக்குக் கட்டை வைத்த கைத்தடி, அதில் தொங்கும் சிறு மணி, காலடியில் ஒரு பன்றி. பழைய ஐரோப்பியப் படங்களில் நெருப்பும் சேர்ந்து எரியும்.

சிறு வயதில் பக்கத்து வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர் படத்தில்தான் நான் அவரை முதலில் பார்த்தேன். சாமியார் காலடியில் பன்றி எதற்கு என்று அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். “வனத்துல இருந்தவருல்லப்பா, காட்டுப்பன்றி கூடவே திரிஞ்சிருக்கும்” என்றார். நெடுநாள் அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோது அதில் பன்றியைக் காணோம். அவரைப் பயமுறுத்தப் பேய்கள் எடுத்துவந்த உருவங்கள் எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன: சிங்கம், கரடி, சிறுத்தை, காளை, பாம்பு, தேள், ஓநாய். பன்றி மட்டும் வரவில்லை. மணியும் இல்லை, நோயைக் குறிக்கும் நெருப்பும் இல்லை. இவை மூன்றும் அவர் இறந்து எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு கண்டத்தில், தானியக் கதிரில் வளரும் ஒரு பூஞ்சையால் அவரிடம் வந்து சேர்ந்தவை.

அது எப்படி என்று தெரிந்துகொள்ள, அந்தோணியாருடைய உடல் என்ன ஆயிற்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் பிறந்தது ஏறத்தாழ 251இல். பெற்றோர் விட்டுச்சென்ற நிலம் 300 அரூரா. நம் கணக்கில் 200 ஏக்கர், அதுவும் நைல் வண்டல் படிந்த மண். இருபது வயதை ஒட்டி, உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் நற்செய்தி வாசகம் கோவிலில் காதில் விழுந்தது. நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். தங்கையை நம்பிக்கையான கன்னியர் சிலரிடம் ஒப்படைத்தார். முதலில் ஊர் எல்லையில் இருந்து தவம் பழகினார். பிறகு ஒரு பழைய கல்லறைக்குள் போய் அடைந்துகொண்டார். அதன்பின் நைலுக்குக் கிழக்கே, பாம்புகள் குடியிருந்த ஒரு பாழ்க்கோட்டை. அங்கே ஏறத்தாழ 20 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தார். ஆண்டுக்கு இருமுறை நண்பர்கள் கூரை வழியே ரொட்டி இறக்குவார்கள். உப்பும் தண்ணீரும் ரொட்டியும்தான் சாப்பாடு, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு ஒரே வேளை.

ஆறு மாதம் கெடாத ரொட்டியா என்று கேட்கத் தோன்றும். மேல் எகிப்தில் அப்படிச் சுடத் தெரிந்திருந்தார்கள். ஈரம் முழுவதும் வற்றி ஓடுபோல் ஆகிவிடும். தண்ணீரில் ஊறவைத்துத்தான் தின்ன முடியும். நுண்ணுயிர் எதுவும் பெருகுவதற்கு நீர் வேண்டும். பொருளில் உள்ள நீர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் அழுகல் அப்படியே நின்றுபோகும். நாம் கருவாடு போடுவதும் வற்றல் காயவைப்பதும் இந்த ஒரே விதியை நம்பித்தான்.

மனித உடலுக்கும் விதி அதுதான். எகிப்தின் கெபெலைன் என்ற இடத்தில், மம்மி செய்யும் கலை வளர்வதற்கு முன்பே சூடான மணலில் புதைக்கப்பட்டவர்களின் உடல்கள், 5,000 ஆண்டுகளுக்கு மேலாகியும் தோலும் தலைமயிருமாக இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மணல் தானாகச் செய்ததைப் பின்னாளில் எகிப்தியர் நேட்ரான் என்ற உப்பைக் கொண்டு கைத்தொழிலாகச் செய்தார்கள். சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த அந்த உப்பு, உடலில் உள்ள நீரை உறிஞ்சி எடுத்துவிடும். அது கிடைத்த முக்கியமான இடம் கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ள வாடி நத்ரூன் பள்ளத்தாக்கின் ஏரிகள். அதே ஏரிகளின் கரையில்தான் 330ஐ ஒட்டி மக்காரியுஸ் என்ற துறவி குடிசை போட்டார். அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கில் துறவிகள் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் நான்கு காப்டிக் மடங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

அரசர்களை மம்மியாக்கிய நாடு கிறிஸ்தவம் தழுவியபோது, உடலைப் பற்றிய பழைய எண்ணம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நல்லவர்கள் இறந்தால், மறைசாட்சிகள் இறந்தால், அவர்கள் உடலை லினன் துணியில் சுற்றி, மண்ணில் புதைக்காமல் கட்டிலில் கிடத்தி வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் செய்யும் மரியாதை அது என்று நம்பினார்கள். அந்தோணியாருக்கு இது பிடிக்கவே இல்லை. ஆயர்களிடம் இதை நிறுத்தச் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறார். தமக்கும் அதுதான் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். செங்கடல் பக்கத்து மலையில், 356இல், 105 வயதில், சாவு நெருங்கியபோது கூட இருந்த இரண்டு சீடர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். உடலை நைல் கரை ஊர்களுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். நீங்களே புதையுங்கள். இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இரண்டு ஆட்டுத்தோல் ஆடைகளை இரண்டு ஆயர்களுக்கு விட்டுச்சென்றார். அவற்றில் ஒன்றைப் பெற்றவர் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ். சீடர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். இடம் யாருக்கும் தெரியாது என்று, அந்தோணியாரின் வரலாற்றை எழுதிய அத்தனாசியுஸே குறித்துவைத்திருக்கிறார்.

அதுவரை கிறிஸ்தவர்கள் புனிதராக வணங்கியவர்கள் பெரும்பாலும் மறைசாட்சிகள். சிங்கத்துக்கு இரையானவர்கள், வாளுக்குத் தலை கொடுத்தவர்கள். அவர்கள் இறந்த நாளில் கல்லறையில் கூடி வழிபடுவது வழக்கம். ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம் என்று திருச்சபை எப்போதும் வேறுபடுத்தியே சொல்லும். அந்த வணக்கத்துக்கு ஒரு கல்லறையும் ஒரு தேதியும் வேண்டியிருந்தன. 313இல் ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தைத் துன்புறுத்துவதை விட்டுவிட்டது. இனி மறைசாட்சிகள் எங்கிருந்து வருவார்கள்?

அந்தோணியாரே அதற்கு முயன்று பார்த்தவர். 311ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் கைதும் கொலையும் நடந்தபோது பாலைவனத்தை விட்டு நகரத்துக்கு வந்தார். துறவிகள் யாரும் நீதிமன்றத்தில் நிற்கக்கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டதும் மற்றவர்கள் ஒளிந்துகொண்டார்கள். இவர் தம் மேலாடையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, மறுநாள் எல்லோர் கண்ணிலும் படும்படி மேட்டில் போய் நின்றார். நீதிபதி கண்டுகொள்ளவில்லை. அந்த வெளுத்த துணியை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நெகிழ்கிறது. சாகக் கிடைக்காத ஏமாற்றத்தோடு அவர் தம் அறைக்குத் திரும்பினார். அதன்பின் தினம் தினம் மனச்சாட்சியின் முன் மறைசாட்சியாக வாழ்ந்தார் என்று அத்தனாசியுஸ் எழுதினார். அந்த ஒரு கருத்து புது வாசலைத் திறந்தது. கொல்லப்படாமலே ஒருவர் புனிதராகலாம்.

அந்தோணியார் இறந்த சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட அந்த வரலாறு போன வேகம் வியப்பானது. கிரேக்கத்தில் எழுதியது, இருபது ஆண்டுகளுக்குள் லத்தீனுக்கு வந்துவிட்டது. இன்றைய ஜெர்மனியில் இருக்கும் திரியர் நகரில் அரசாங்க ஊழியர் இருவர் ஒரு குடிசையில் அதைக் கண்டெடுத்துப் படித்து, படித்த இடத்திலேயே வேலையை உதறினார்கள். 386இல் மிலான் நகரில் இந்தச் செய்தியைக் கேட்டு நிலைகுலைந்தவர், பின்னாளில் புனிதரான அகுஸ்தீன். அவர் மனம் மாறியது அன்றைக்குத்தான். இருக்கும் இடம் தெரியாத ஒரு கல்லறைக்குப் பதிலாக, கைக்கு அடக்கமான ஒரு நூல் ஊர் ஊராகப் போயிற்று.

ஆனால் நூல் எல்லோருக்கும் போதுமா? எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்குத் தொடவேண்டும். கண்ணில் ஒற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். பாலைவனத் துறவிகளின் வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்துவது இந்த இழுபறிதான். அவர்கள் ஒளிய ஒளிய, மக்கள் துரத்திக்கொண்டே போனார்கள்.

அரசகுமாரர்களின் ஆசிரியராக இருந்து துறவியான அர்செனியுஸ், தம் உடலை யாருக்காவது கொடுத்தால் கடைசித் தீர்ப்பு நாளில் உங்கள்மேல் வழக்காடுவேன் என்று சீடர்களை எச்சரித்தார். எங்களுக்கு அடக்கம் செய்யத் தெரியாதே என்று அவர்கள் கலங்கியபோது, காலில் கயிறு கட்டி மலைக்கு இழுத்துப்போகவுமா தெரியாது என்று கேட்டார். காசாப் பகுதியின் இலாரியோன் கூட்டத்துக்குப் பயந்து எகிப்துக்கும், அங்கிருந்து சிசிலிக்கும், தல்மாசியாவுக்கும், கடைசியில் சைப்பிரசுக்கும் ஓடினார். போன இடமெல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள். 371இல் சைப்பிரசில் ஒரு தோட்டத்தில் அவரைப் புதைத்தார்கள். பத்து மாதம் கழித்து அவருடைய சீடர் எசிக்கியுஸ் அந்தத் தோட்டத்தில் தங்குவதாகப் பாவனை செய்து, உடலைத் திருடிக் காசாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் கல்லறையில் இரவெல்லாம் கண்விழித்துச் செபிக்கும் வழக்கமுள்ள கொன்ஸ்தான்சியா என்ற பெண், உடல் போய்விட்டது என்று கேட்ட கணத்திலேயே உயிர் விட்டாராம். இதை எழுதிவைத்தவர் அதே காலத்துத் துறவியான ஜெரோம்.

சிரியாவில் நிலைமை இன்னும் கடுமை. அங்கிருந்த ஆயர் தியோதொரேத்து தாம் அறிந்த துறவிகளைப் பற்றி 440களில் ஒரு நூல் எழுதினார். அதில் மார்சியான் என்பவர் வருகிறார். அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் உடலை வைப்பதற்கென்று பல ஊர்களில் பலர் தனித்தனியே கோவில் கட்டிவிட்டார்கள். அது தெரிந்ததும், தம்மை ரகசியமாகப் புதைக்க வேண்டும் என்று ஒரு சீடரிடம் சத்தியம் வாங்கினார். ஐம்பது ஆண்டுகள் அந்த ரகசியம் காக்கப்பட்டது. கட்டிய கோவில்களுக்கெல்லாம் வேறு புனிதர்களின் திருப்பண்டங்கள் வந்து சேர்ந்த பிறகே இடம் வெளியே தெரிந்தது. யாக்கோபு என்ற துறவி காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது, சுற்று ஊர்க்காரர்கள் ஆயுதங்களோடு வந்து காத்திருந்தார்கள். இருந்த மயிரையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்! சலமானேசு என்பவர் யூப்ரட்டீசு ஆற்றங்கரையில் கதவும் சன்னலும் இல்லாத அறையில் இருந்தார். அவர் பிறந்த ஊரார் ஓர் இரவில் ஆற்றைக் கடந்துவந்து, அறையைப் பெயர்த்து, அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சில நாளில் இந்தக் கரைக்காரர்கள் போய்த் திரும்பத் தூக்கிவந்தார்கள். அவர் போகவும் மறுக்கவில்லை, வரவும் மறுக்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தூண்மேல் நின்ற சிமியோனை இந்தக் கூட்டத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 5ஆம் நூற்றாண்டில் அலெப்போ நகருக்கு அருகே ஒரு குன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தூணின் உச்சியில் வாழ்ந்தவர் அவர். தூணை அவர் தேர்ந்தெடுத்த காரணத்தைத் தியோதொரேத்து எளிமையாகச் சொல்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் அவர் தோலாடையைத் தொட்டு ஆசி பெறத் துடித்தார்கள். அந்தக் கைகளுக்கு எட்டாமல் இருக்கத்தான் ஏறினார். முதலில் 6 முழத் தூண், பிறகு 12, பிறகு 22, கடைசியில் 36 முழம். ஏறத்தாழ ஐந்து மாடி உயரம். ஏற ஏறக் கூட்டம் கூடியது. அரபுகளும் பாரசீகரும் ஆர்மீனியரும் வந்தார்கள். ஸ்பெயினிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும்கூட வந்தார்கள். ரோம் நகரப் பட்டறை வாசல்களில் காவலுக்கென்று அவருடைய சிறு உருவங்களை வைத்திருந்தார்கள் என்கிறார் அதே ஆசிரியர். 459இல் அவர் இறந்ததும், உடலை அந்தியோக்கியாவுக்குக் கொண்டுபோகப் படைவீரர்கள் காவலாக வந்தார்கள். தூணைச் சுற்றி நாலு திசைக்கு நாலு பெருங்கோவில்கள் சிலுவை வடிவில் எழுந்தன. அந்தக் குன்றின் மண்ணைப் பிசைந்து, தூணும் அவர் தலையும் பதித்த சிறு வில்லைகளைப் பயணிகள் வாங்கிப் போனார்கள். நோய்க்கு மருந்தாகவும் அவற்றைப் பயன்படுத்தினார்கள். நாம் திருநீறும் மந்திரித்த எண்ணெயும் கொண்டுவருவதைப் போல. தூணைச் செதுக்கிச் செதுக்கி எடுத்துப்போனதில் எஞ்சியது ஒரு கல் மட்டும். 

ஏன் இவ்வளவு தவிப்பு? வரலாற்றாசிரியர் பீட்டர் பிரவுன் 1971இல் எழுதிய ஒரு கட்டுரையில் நல்ல விளக்கம் தந்தார். சிரியாவின் கிராமங்களில் பழைய நிலப்பிரபுக்களின் பிடி தளர்ந்திருந்தது. கடன் தகராறு, தண்ணீர்ச் சண்டை, வரிக்கொடுமை இவற்றை எடுத்துச் சொல்ல நடுநிலையான ஆள் தேவைப்பட்டார். உறவும் சொத்தும் இல்லாத துறவியைவிட நடுநிலையானவர் யார்? அவர் சொல்லை அதிகாரிகளும் கேட்டார்கள். அப்படிப்பட்டவர் செத்த பிறகும் ஊரை விட்டுப் போய்விடக்கூடாது என்று ஊர் நினைத்தது. அந்தியோக்கியா நகரத்தார் சிமியோனின் உடலைப் பேரரசருக்கே தர மறுத்தார்கள். எங்கள் மதில் நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது, இவர்தான் இனி எங்கள் மதில் என்றார்கள். இவர்களில் எவருக்கும் ரோம் புனிதர் பட்டம் கொடுத்ததில்லை. ஒரு போப் முறைப்படி பட்டம் அளித்ததாகத் தெரியும் முதல் நிகழ்ச்சி 993இல்தான். பாலைவனத்தார் மக்களின் கைகளால் புனிதரானவர்கள்.

அந்தோணியாரின் உடலும் தப்பவில்லை. 561இல் அது கண்டெடுக்கப்பட்டு அலெக்சாந்திரியாவில் வைக்கப்பட்டதாக ஆப்பிரிக்க ஆயர் ஒருவரின் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. பின்னர் எலும்புகள் கான்ஸ்டான்டிநோப்பிளுக்குப் போயின. 11ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுப் பிரபு அவற்றை ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள தம் சிற்றூருக்குக் கொண்டுவந்தார். இன்று அந்த ஊரின் பெயரே ‘அந்தோணியார் மடம்’ என்று பொருள்படும். எகிப்துத் துறவிகள் இதை ஏற்பதில்லை. அவர் தங்கள் மடத்தின் பழைய கோவிலுக்கு அடியிலேயே இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. இரண்டு பேர் காத்த ரகசியத்தை இருநூறு ஆண்டுகள் கழித்து எப்படித் திறந்தார்கள் என்று நானும் ஐயப்படுகிறேன். ஆனால் அந்த எலும்புகள் பிரான்சுக்கு வந்ததால் நடந்தது பொய்யல்ல.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு கொடிய நோய் கிராமங்களைத் தின்றுகொண்டிருந்தது. கையிலும் காலிலும் தீப்பிடித்தாற்போல் எரியும். பிறகு சில்லிட்டு மரத்துப்போகும். விரல்கள் கருத்து, சுருங்கி, உலர்ந்து, ஒரு சொட்டு ரத்தம் வராமல் கழன்று விழும். நகர மக்களைவிட ஏழை உழவர்களைத்தான் அதிகம் தாக்கியது. மழையும் குளிரும் மிகுந்த ஆண்டுகளில் பரவியது. ‘புனித நெருப்பு’ என்று அழைத்தார்கள். நோயாளிகள் அந்தோணியாரின் எலும்புகளைத் தேடி வந்தார்கள். 1095ஐ ஒட்டி, மகன் பிழைத்த நன்றிக்காக ஒரு பிரபு அங்கே தொண்டர்களைத் திரட்டி விடுதி தொடங்கியதாகச் சபையின் மரபு சொல்கிறது. அது மருத்துவமனைச் சபையாக வளர்ந்து, ஐரோப்பா முழுவதும் நூற்றுக்கணக்கான இல்லங்களை நடத்தியது. நோய்க்கும் ‘அந்தோணியார் நெருப்பு’ என்று பெயர் மாறியது.

வந்தவர்களில் பலர் குணமானார்கள். எரிச்சல் அடங்கியது, புண் ஆறியது. சொந்த ஊருக்குத் திரும்பியதும் சிலருக்கு மறுபடி வந்தது. காரணம் ரொட்டியில் இருந்தது.

ஏழைகளின் தானியம் ரை. அதன் பூக்கள் மகரந்தத்துக்காக விரிந்து நிற்பவை. ஈரமான வசந்தத்தில் கிளாவிசெப்ஸ் பர்பூரியா என்ற பூஞ்சையின் வித்துகள் அந்தப் பூவுக்குள் விழுந்து சூலகத்தைப் பிடித்துக்கொள்ளும். தானியம் இருக்க வேண்டிய இடத்தில் கருஊதா நிறத்தில், சேவலின் கால்முள் போல ஒன்று நீண்டு வளரும். அதன் பெயர் எர்காட். பழைய பிரெஞ்சில் சேவல் முள்ளுக்குரிய சொல்லே அது. அறுவடையில் அதுவும் சேர்ந்து அரைபட்டு ரொட்டியாகிவிடும். அதில் உள்ள எர்கோட்டமின் போன்ற வேதிப்பொருள்கள் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. விரல் நுனிக்கு ரத்தம் போகாது. முதலில் எரிச்சல், பிறகு உயிரற்று உலர்தல். மருத்துவர்கள் இதை உறுப்பு மம்மியாவது என்றே சொல்கிறார்கள். தம் உடல் மம்மியாகக் கூடாது என்று கேட்டுக்கொண்டவரின் எலும்புகளைத் தேடி, கையும் காலும் மம்மியாகிக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள்.

மடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கோதுமை ரொட்டி. கோதுமைப் பூ பெரும்பாலும் மூடிக்கொண்டே சூல்கொள்வது, எர்காட் அதைத் தாக்குவது குறைவு. நஞ்சு போவது நின்றதும் உடல் தேறியது. பன்றிக் கொழுப்பில் மூலிகைகளைக் குழைத்த களிம்பு புண்ணுக்கு. திருப்பண்டத்தின்மேல் ஊற்றி எடுத்த திராட்சை ரசம் குடிக்க. காப்பாற்ற முடியாத உறுப்பை வெட்டி எடுப்பதில் அந்தச் சபையின் அறுவை மருத்துவர்கள் பேர்பெற்றவர்கள். கொழுப்புக்கும் உணவுக்கும் பன்றிகள் வேண்டுமே? ஊர்மக்கள் நேர்ந்துவிட்டார்கள். மடத்துப் பன்றி என்று தெரிய அதன் கழுத்தில் மணி கட்டினார்கள். மணி கட்டிய பன்றியைத் தெருவில் யாரும் விரட்டக்கூடாது, கண்டவர்கள் தீனி போடவேண்டும். நம் ஊரில் நேர்ந்துவிட்ட கோவில் காளை கடைத்தெருவில் திரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காலண்டர் படத்துப் பன்றியும் மணியும் நெருப்பும் இங்கிருந்து ஏறியவை. பாட்டி இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

நோய்க்குக் காரணம் ரையில் வளரும் முள்தான் என்று 1676இல் தொதார் என்ற மருத்துவர் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு எழுதினார். பூஞ்சையின் வாழ்க்கைச் சுழல் தெளிவானது 1853இல். 1918இல் சுவிட்சர்லாந்தில் எர்கோட்டமினைத் தனியே பிரித்தார்கள். அதே நஞ்சுக் குடும்பத்திலிருந்து 1935இல் கிடைத்த எர்கோமெட்ரின், பிரசவத்துக்குப் பின் நிற்காமல் போகும் ரத்தத்தை நிறுத்துகிறது. விரலைக் கருக்கிய அதே சுருக்கும் ஆற்றல், கருப்பையைச் சுருக்கித் தாயைக் காக்கிறது. இந்தப் பூஞ்சையின் உறவினர் ஒருவர் நம் வயல்களிலும் உண்டு. கம்பங்கதிரில் தேன் போன்ற துளிகள் கசிவதைப் பார்த்திருக்கலாம். ‘தேன் ஒழுகல் நோய்’ என்று வேளாண் துறையினர் சொல்வது இதைத்தான். அது விரலைக் கருக்காது, வாந்தியும் தலைசுற்றலும் தரும். விதைக் கம்பைப் பத்து சதவீத உப்புக் கரைசலில் கொட்டினால் நோய்ப்பட்டவை மேலே மிதக்கும், அரித்து எடுத்துவிடலாம்.

அந்தோணியார் சபையின் மருத்துவமனை ஒன்று, இன்று பிரான்சில் உள்ள ஈசென்ஹைம் என்ற ஊரில் இருந்தது. அதன் பீடத்துக்கு 1512 முதல் 1516 வரை மத்தியாஸ் குருனேவால்ட் வரைந்த ஓவியத் தொகுதி இப்போது கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நோயாளிகள் பார்ப்பதற்கென்றே வரைந்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோலெல்லாம் புண். பேய்கள் அந்தோணியாரைப் பிய்த்தெடுக்கும் பலகையில், இடது மூலையில் வயிறு வீங்கி, உடம்பெல்லாம் கொப்புளமாக ஓர் உருவம் சாய்ந்து கிடக்கிறது. கிடத்திக் கொண்டுவரப்பட்டவர் அதில் தம்மையே பார்த்திருப்பார். அதற்கு இணையான பலகையில் சத்தமே இல்லை. இரண்டு முதியவர்கள் பாறைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். காலடியில், மடத்து மருந்துக்குப் பயன்பட்ட செடிகள் இலை இலையாக வரையப்பட்டிருக்கின்றன. மேலிருந்து ஒரு காகம் ரொட்டியோடு இறங்குகிறது.

அந்தோணியாருக்கு எதிரே இருப்பவர் பவுல். தமிழில் ‘வனத்துச் சின்னப்பர்’. லத்தீனில் பவுல் என்றால் சிறியவர், அதனால் நம் முன்னோர் சின்னப்பர் ஆக்கினார்கள். ஜெரோம் சொல்லும் கதை இது. அந்தோணியாருக்கு அப்போது 90 வயது, சின்னப்பருக்கு 113. காகம் அறுபது ஆண்டுகளாகச் சின்னப்பருக்குத் தினம் அரை ரொட்டி கொண்டுவரும். விருந்தாளி வந்த அன்று முழு ரொட்டி கொண்டுவந்தது. அதை யார் பிட்பது என்று இருவருக்கும் வாதம். நீங்கள் மூத்தவர் என்கிறார் ஒருவர், நீங்கள் விருந்தாளி என்கிறார் மற்றவர். பொழுது சாயும்வரை முடியவில்லை. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கையில் வந்தது அவரவர் பங்கு. பிறகு குனிந்து ஊற்றில் தண்ணீர் குடித்தார்கள்.